கடலில் போட்ட மண்வெட்டிகள்

அமைச்சர் சேந்தன் பல்லக்கைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, படகேறி, ஒற்றை ஆளாகத் திட்டில் வந்து இறங்கினார்.

கடலைத் தொடும் இடத்தில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கு முகத்தில் வடவாய்ப்பட்டினம். தெற்கு முகத்தில் தென்வாய்ப்பட்டினம். இரண்டுக்கும் நடுவே இந்த மணல்திட்டு, அதில் ஒரு குடிசை. சேந்தன் அரசியல் படித்தது இந்தத் திட்டில்தான். அந்தப் படிப்பை வைத்துத்தான் தென்வாயை வீழ்த்தினார் என்று வடவாயில் எல்லாரும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

பாடம் சொன்ன ஆசான் இப்போது இல்லை. போன ஐப்பசி வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் இடத்தில் எழினி இருந்தார். சேந்தனுக்குப் பதினைந்து வயது இளையவர். சேந்தன் படிப்பை முடிக்கிற வருஷம் வந்து சேர்ந்து, அவர் ஏவிய வேலையெல்லாம் செய்தவர். அவரை வணங்க வேண்டியிருக்கிறதே என்று சேந்தனுக்குக் கொஞ்சம் கூச்சம். பாதி குனிந்து, அதோடு நிறுத்திக்கொண்டார்.

"வாங்க அண்ணே, உட்காருங்க" என்றார் எழினி.

"உட்கார நேரமில்ல. ஐப்பசி பிறக்கப் பத்து நாள்தான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வாகையனுக்கு என்ன குடுத்தா முகம் வெட்ட வருவான்?"

வாகையன் யார், வெட்டுவது எதை என்று சொல்லிவிட வேண்டும்.

பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது என்பார்கள். சேந்தன் அப்படித்தான் செய்தார். ஒரு வாளைக்கூட உறையிலிருந்து எடுக்கவில்லை. வடவாயில் சுங்கத்தைப் பாதியாக்கினார். மலைத்தலைவர்களுக்குத் தூது அனுப்பி, மிளகை இனி வடவாய்க்கு மட்டும் கொடுப்பதாக எழுதி வாங்கினார். தன் மன்னரின் தங்கையைத் தீவு மன்னனுக்கு மணம் முடித்து வைத்தார். அதற்குப் பிறகு தீவுக் கப்பல் ஒன்றும் தென்வாய்ப் பக்கம் போகவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே கப்பலேறினாள் என்று கேள்வி. அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தனைக்கும் தென்வாய் தாக்குப்பிடித்தது. கடைசியில் சேந்தன் கை வைத்தது முகம்வெட்டிகள் மேல்.

தென்முகத்தில் வருஷம் முழுக்கக் கடல் மணலை அள்ளிப் போட்டு அடைக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை வெட்டித் திறக்கவென்றே தென்வாயில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. எந்தக் காற்றில் வெட்ட வேண்டும், எந்தச் சாய்வில் வெட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களின் தலைவன் வாகையன். சேந்தன் அவர்களுக்கு வடவாயில் ஓட்டு வீடு கொடுத்தார், இரட்டைக் கூலியில் பண்டகசாலை வேலை கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு சத்தியம். தென்முகத்தில் இனி இறங்க மாட்டோம் என்று நாற்பது வீட்டு மண்வெட்டிகளையும் கடலில் போட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

இரண்டே வருஷத்தில் தென்வாய்த் துறை தூர்ந்தது. கப்பல் போச்சு, சந்தை போச்சு, சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள்.

சத்தியம் வாங்கிய கையோடு சேந்தன் ஆசானிடம் வந்து எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தார். ஆசான், "மண்வெட்டியெல்லாம் கடல்லயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பேசவே இல்லை. சேந்தன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பாவம், கெட்டிக்காரர்களுக்கு வருகிற மயக்கம் அது.

ஆற்றுக்கு இரண்டு வாய் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. ஐந்து வருஷம் மழை குறைச்சலாகப் பெய்து அவரைக் காப்பாற்றியது. போன ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. தென்முகம் அடைத்துக் கிடந்ததால் மொத்த ஆறும் வடவாய் மேல் ஏறியது. செம்படவர் தெரு முழுக்கப் போயிற்று. எடுத்த உடல்கள் மட்டும் அறுபத்திரண்டு. திட்டிலிருந்த பழைய குடிசையும் போயிற்று, ஆசானும் போனார். இப்போது இருப்பது எழினி பிறகு கட்டியது.

"என்னென்ன குடுத்துப் பாத்தீங்க?" என்று எழினி கேட்டார்.

"நன்செய் நிலம் தரேன்னேன். வேண்டாம்னுட்டான். அவன் மகனுக்குச் சுங்கத்துல உத்தியோகம் தரேன்னேன். கும்பிடுறான், வரமாட்டேங்கிறான்."

"வேற?"

"மிரட்டியும் பாத்தேன்." இதைச் சொல்லும்போது சேந்தனின் குரல் தாழ்ந்தது.

"என்ன சொன்னாரு?"

"'கடலுக்குக் குடுத்தத எப்படிங்க திருப்பிக் கேக்கறது'ங்கிறான். எங்க ஆளுங்க ஐந்நூறு பேரை விட்டு வெட்டிப் பாத்தேன். பகல் முழுக்க வெட்டினாங்க. அடுத்த ஓதத்துல கடல் ஏறி வந்து அத்தனையும் மூடிடுச்சு."

"அவரு வந்து வெட்டி, தென்முகம் திறந்தா, தென்வாய் மறுபடி எழுந்துக்குமே அண்ணே."

"எழுந்துக்கும். மன்னர் என் பதவியப் பறிப்பாரு. பறிக்கட்டும். இன்னொரு தெரு போறத என்னால பாக்க முடியாது."



"அண்ணே, இந்த வருஷங்கள்ல ஆசான் உங்களுக்கு மூணு தடவை ஆள் அனுப்பினாரே."

"ஆமா. 'ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ'ன்னு சொல்லி அனுப்பினாரு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"மூணு தடவையும் அரிசி மூட்டை அனுப்பினேன். பட்டு வேட்டியும் அனுப்பினேன்." சொல்லச் சொல்ல சேந்தனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அரிசிய சாப்பிட்டோம். வேட்டி வெள்ளத்தோட போயிடுச்சு" என்றார் எழினி. அதில் குத்தல் ஒன்றும் இல்லை.

எழுந்து உள்ளே போய் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தார். இலை தேய்ந்து பாதியாகியிருந்தது. காம்பில் கை படும் இடம் வழவழவென்று குழிந்திருந்தது.

"இது யாரோடது?"

"ஆசானோடது. வெள்ளம் வடிஞ்சப்புறம் தென்முகத்து மணல்ல கிடைச்சுது."

"குடிசையில இருந்தது அங்க எப்படிப் போச்சு?"

"குடிசையில இல்ல. ஆசானும் அன்னைக்குக் குடிசையில இல்ல. வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தா இதத் தூக்கிக்கிட்டுத் தென்முகத்துக்குப் போயிடுவாரு. விடிஞ்சா போவாரு, பொழுது சாஞ்சா வருவாரு. ஆறு ஐப்பசி. கடைசி ஐப்பசியில திரும்பி வரல."

சேந்தன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஆசானை வெள்ளம் தூக்கத்தில் கொண்டுபோனது என்று இத்தனை நாளும் நினைத்து, அதில் ஒரு ஆறுதலும் தேடிக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் போயிற்று. சத்தமில்லாமல் அழுதார். எழினி தடுக்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு, "வாகையனோட சத்தியம் எப்படித்தான் கரையும்?" என்று கேட்டார்.

"வாங்கினவரே முகத்துல இறங்கி முதல் மண்ணை வெட்டணும். அப்பக் கரையும்னு அவங்க வழக்கம்."

"அத ஏன் வாகையன் எங்கிட்டச் சொல்லல?"

"சத்தியம் செஞ்சவங்க வாயால அதச் சொல்லக் கூடாதாம். ஆசானுக்கு அவங்க ஊர்க் கிழவர் ஒருத்தர் சொன்னாரு."

"நான் வெட்டினா வருவாங்களா?"

"வரலாம். ஏழு வருஷம் மூட்டை தூக்கின கை. சாய்வு ஞாபகம் இருக்கணும்."

சேந்தன் செருப்பைக் கழற்றினார். மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். மண்வெட்டியை வாங்கித் தோளில் வைத்துத் தெற்கு நோக்கி நடந்தார். பத்தடி போனவர் நின்று திரும்பினார்.

"எழினி, ஆசான் வெட்டினா சத்தியம் கரையாது. அது அவருக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஒத்த ஆள் வெட்டி அந்த முகம் திறக்காதுன்னும் தெரியும்."

"தெரியும்."

"பின்ன எதுக்கு ஆறு வருஷம்?"

எழினி வடக்கே கையைக் காட்டினார். ஆற்றுக்கு அப்பால் வடவாயின் சுங்கமாடம் உயர்ந்து நின்றது. அதன் மேல்தளத்தில்தான் சேந்தன் தினமும் உட்கார்ந்து, கடலையும் வருகிற கப்பல்களையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"அங்கேருந்து பாத்தா தென்முகம் நல்லாத் தெரியும்னு சொன்னாரு. என்னைக்காவது ஒருநாள் இந்தப் பக்கம் திரும்பிப் பாப்பீங்கன்னு இருந்தாரு, அண்ணே."