கூடத்துக் குப்பை

மலையடிவாரத்து மடத்தில் இருந்த குருவுக்கு மரகதத்தின் பிள்ளைகளைத் தெரியாது. பெயர்கள் மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் மடத்துக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லித் தனித்தனியாக விபூதிப் பொட்டலம் வாங்கிப் போவாள். வாங்கி முடிப்பதற்குள் பின்னால் நிற்கிறவர்கள் கால் மாற்றி நிற்பார்கள். மரகதம் வீட்டில் பந்தி நிறைய வெளியாள் வேண்டாம் என்று ஊரே கேலி பேசும்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. குருவின் பாத தூளி தன் வீட்டில் பட வேண்டும். தன் கையால் சமைத்ததை அவர் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும்.

"கூப்பிடு, வர்றேன்" என்று குரு எப்போதோ சொல்லிவிட்டார்.

அவள்தான் கூப்பிடவில்லை. கூடம் ஒருநாளாவது கூடமாக இருந்தால் கூப்பிடலாம் என்று தள்ளிப்போட்டாள். அவள் பெருக்கிக்கொண்டு போகும்போதே பிள்ளைகள் பின்னால் கொட்டிக்கொண்டு வருவார்கள். நாளைக்கு, அடுத்த வெள்ளிக்கு, தைக்கு என்று வருஷங்கள் போயின.

அந்த வெள்ளிக்கிழமை குரு, மறுநாள் விடியலில் வடக்கே யாத்திரை புறப்படுவதாகச் சொன்னார். திரும்புவது தெரியாது என்றும் சொன்னார். மரகதம் பொட்டலங்களை மடியில் கட்டாமல் அப்படியே நின்றாள்.

"இன்னிக்கு மத்தியானம் வர்றீங்களா சாமி?"

"வர்றேன்."

அவள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தாள். பிள்ளைகளைப் புருஷனோடு கண்மாய்க்கரைக்கு அனுப்பினாள். ஆள் அனுப்பும்வரை ஒருவரும் வாசல் மிதிக்கக் கூடாது என்றாள். சமையலை அடுப்பில் ஏற்றிவிட்டு, கூடத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிச் சாக்கால் மூடினாள். தரையை மெழுகினாள். குருவின் காலுக்கு விடச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்தாள்.

குரு வந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கூடம் பளிச்சென்று கிடந்தது.

"பிள்ளைங்க எங்கே?"

மரகதத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. "வீடு வீடா இருக்கணும்னு கண்மாய்க்கு அனுப்பிட்டேன் சாமி."

"இத்தனை வருஷமா பேரைத்தான் கேட்டிருக்கேன். முகத்தைப் பார்க்காம வடக்கே போகச் சொல்றியா? வரட்டும், இருக்கேன்."

வாசல் வேம்பின் நிழலில் போய் நின்றுகொண்டார். மரகதம் தானே ஓடிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தாள். முழங்கால்வரை கண்மாயின் கறுத்த கரம்பைச் சேறு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குரு தனக்கென்று வைத்திருந்த செம்பை எடுத்தார். பெயர் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவிவிட்டார். "ஓ, நீதான் சொக்கனா? உனக்குத்தான் மாந்தமா?" என்றார். அது கைக்குழந்தையில் வந்தது சாமி என்றான் சொக்கன். கடைக்குட்டி பேச்சியின் காலோடு செம்பு காலியானது. மரகதம் வேறு தண்ணீர் எடுக்க ஓடினாள். அதற்குள் குரு பிள்ளைகளோடு கூடத்துக்குள் போய் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்.

பந்தி கலகலப்பாக நடந்தது. குரு இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மரகதம் இலைகளை எடுத்து, இடத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிள்ளைகள் குதிருக்குப் பின்னால் புகுந்திருந்தார்கள். சாக்கு ஒரு பக்கம் கிடந்தது. மறைத்ததெல்லாம் நடுக்கூடத்தில் சிதறிக் கிடந்தது.

"இதுக்குப் பயந்துதான் சாமி நான் கூப்பிடவே இல்லை. பிள்ளைங்க நிறைஞ்ச வீட்டை எப்படித்தான் சுத்தமா வச்சுக்கிறது?"

"விளக்குமாறு எங்கே?" என்றார் குரு.

அவள் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. தானே எடுத்துக் கூடத்தை மூலைக்கு மூலை பெருக்கினார். எல்லாம் ஒரு குவியலாகச் சேர்ந்தது. குவியலின் பக்கத்தில் குந்தினார். ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினார்.

"இது யாரோடது?"

பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மூத்தவள் வடிவு முன்னால் வந்தாள். தாயம் உருட்ட ஒருபக்கம் தேய்த்து வைத்தது என்று வாங்கிக்கொண்டாள். பிறகு வாய்கள் அடங்கவில்லை. நுங்குச் சக்கரம் சொக்கனுக்கு. வளையல் துண்டுகளுக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். குரு நிறம் பார்த்துப் பிரித்தார். மயிலிறகு, தலையில்லாத மரப்பாச்சி, பம்பரக் கயிறு என்று ஒவ்வொன்றும் ஒரு கைக்குப் போனது.

ஒரு சின்னப் பல்லை எடுத்தார்.

"ஐ, என் பல்லு!" என்றாள் பேச்சி.

"இதைக் கூரைமேல போடணும்னு தேடித்தான் சாமி இவ அழுது ஊரைக் கூட்டினா" என்றாள் வடிவு.

பேச்சி பல்லை வாங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு, விழுந்த இடத்தைக் காட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். மரகதம் அந்தப் பொக்கை வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குவியல் கரைந்துவிட்டது. தரையில் ஒரு பிடிகூட இல்லாத மண் மட்டும் மிஞ்சியது. சிவந்த மண்.

"இது யாரோடது?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கரிசல்காட்டு ஊரில் சிவந்த மண் யாரிடம் இருக்கும்?

குரு தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னோடதுதான். மடத்து மண், காலோட வந்திருக்கு. உன் வீட்டுக் குப்பை இவ்வளவுதான் தாயி. பெருக்கித் தள்ளிடவா?"

மரகதம் அவர் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கி மூலையில் சாத்தினாள். குனிந்து அந்த மண்ணை விரலால் தொட்டாள். வடிவு, சொக்கன் என்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு நெற்றியில் இட்டாள். பேச்சிக்கு இட்டு முடித்தபோது தரையில் ஒன்றும் மிச்சமில்லை.