மீசையில் ஒரு முடி பாக்கி

“மூன்று வருஷம் பிரபு! சுவரில் குதிரை நிற்கிறது, மேலே தாங்கள் இல்லை! வெறுங்குதிரையைப் பார்த்து வருகிற தூதரெல்லாம் சிரிக்கிறார்கள்!”

மந்திரி பெர்தோல்தோ இதை அன்று ஐந்தாவது தடவையாகச் சொன்னார். ஓவியர் தாதியோ காதைக் குடைந்துகொண்டார். வால்மோரா அரண்மனையில் படம் எழுதுவதும் அவர்தான், நீரிறைக்கும் சக்கரம் செய்வதும் அவர்தான். கோட்டைக் கோபுரத்தில் அவர் பட்டறை. மனிதன் பறக்க ஒரு ஜோடி இறக்கை அங்கே பாதி முடிந்து கிடந்தது. அந்தக் கோபுரத்தின் மேல் மந்திரிக்கு ஒரு கண். தன் வேட்டை நாய்களைக் கட்டலாமே!

“ஈரச் சுண்ணாம்பில் எழுதுகிற படம் ஐயா இது,” என்றார் தாதியோ. “காலையில் பூசினால் சாயங்காலத்துக்குள் எழுதியாக வேண்டும். காய்ந்தால் வண்ணம் பிடிக்காது, கொத்தி எடுக்க வேண்டியதுதான். பிரபு உட்கார்ந்தால்தானே!”

கோமகன் ஓராசியோ போரில் புலி. கால் மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னால் மட்டும் தாகம் எடுக்கும், லாயம் ஞாபகம் வரும். சில ஆண்பிள்ளைகள் அப்படித்தான்.

“நாளை சூரியன் மறைவதற்குள் நான் அந்தக் குதிரைமேல் இருக்க வேண்டும்,” என்று உறுமினார் கோமகன். “இல்லையென்றால் கோபுரம் நாய்களுக்கு.”

“ஒரே ஓர் உத்தரவு போடுங்கள் பிரபு. கடைசிக் கோடு விழும்வரை கூடத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்லக்கூடாது, உதவிக்கும் போகக்கூடாது. யார் கூப்பிட்டாலும்!”

“மீறினால் சாட்டையடி,” என்று சேர்த்து, மந்திரியே ஆசையாக முத்திரை குத்தினார்.

காலையில் தாதியோ கோமகனை ஒரு மரக்குதிரையில் ஏற்றினார். கப்பியில் கயிறு போட்டு, சுவர்க்குதிரையின் உயரத்துக்கு இழுத்து நிறுத்தினார். இரண்டு ஆள் உயரம். குதிக்கவா முடியும்?

“தாகம். இறக்கு.”

கதவில் ஒட்டியிருந்த உத்தரவைத் தாதியோ தூரிகையால் காட்டினார்.

“அடேய், அது என் உத்தரவு!”

காவலர்கள் கூரையைப் பார்த்தார்கள். மந்திரி வாயைத் திறந்தார். சாட்டை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

கத்திக் கத்தி ஓய்ந்த கோமகன் பிறந்ததிலிருந்து முதல் முறையாக அசையாமல் இருந்தார். வெயில் சாயும்போது மீசையில் ஒரு முடிதான் பாக்கி. தாதியோ தூரிகையை நிறுத்திவிட்டு ஒரு சீட்டை உயர்த்திப் பிடித்தார்: ‘கோபுரம் தாதியோவுக்கு, ஆயுசு முழுக்க.’

“தந்தேன்! தந்தேன்! அந்த முடியைப் போட்டுத் தொலையும்!”

முடி விழுந்தது. குதிரை இறங்கியது. ஒரு குடம் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோமகன் படத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எமகாதகரய்யா நீர்! வேறு குறை ஏதும் உண்டா?”

“தங்கள் பின்னால் உட்கார்ந்து கொடி பிடிக்க ஒரு விசுவாசி வேண்டாமா பிரபு?”

கோமகனின் பார்வை மெல்லத் திரும்பி மந்திரி மேல் நின்றது.

மறுநாள் உச்சிவேளை. கதவில் அதே உத்தரவு, அதே முத்திரை. இரண்டு கையாலும் கொடியைப் பிடித்தபடி, மேலேயிருந்து பெர்தோல்தோ கெஞ்சினார்:

“ஐயா, யாராவது என் மூக்கைச் சொறிந்துவிடுங்களேன்!”