செவலை உட்கார்ந்த இடம்

காட்டுக் காவலுக்கு நாய்க்குட்டிகளைத் தேர்ந்தெடுப்பது கரடியின் வேலை. முதலில் அது காய்ந்த பனைமட்டையைப் பாறையில் ஓங்கி அடிக்கும். அலறி ஓடும் குட்டி வீட்டுக்குப் போகலாம். அடுத்து, முன்பின் தெரியாத ஒரு குரங்கு கறித்துண்டை நீட்டும். வாலாட்டி வாங்கித் தின்கிற குட்டியும் வீட்டுக்குப் போகலாம்.

இந்த முறை மிஞ்சியது செவலை என்ற குட்டி மட்டும்தான். அது மட்டையையும் பார்க்கவில்லை, கறியையும் பார்க்கவில்லை. கரடியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவன்தான் நாய்!" என்று பூரித்துப்போனது கரடி.

பிறகு மோப்பப் பயிற்சி. கரடி ஏதாவதொரு புதரில் முட்டை ஓட்டை ஒளித்துவைத்துவிட்டு, செவலையைக் கூட்டிக்கொண்டு சுற்றும். கண்டுபிடித்தால் குரைக்கக் கூடாது. சத்தமில்லாமல் அதன் முன்னால் உட்கார வேண்டும். அதுதான் காவல் நாயின் சாட்சி. செவலை ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஒருநாள் பெண்மயில் அழுதுகொண்டே வந்தது. அதன் முட்டைகளைக் காணோம். திருடியவரை ஆற்றுக்கு அப்பால், சிறுத்தைகள் இருக்கும் பக்கம் துரத்துவது காட்டுச் சட்டம். விலங்குகள் எல்லாம் வரிசையாக நின்றன. யானைத் தலைவர் தலையசைக்க, கரடியும் செவலையும் நடந்தன. கீரியின் முன்னால் செவலை உட்கார்ந்தது.

"முட்டை என்றால் கீரிதான். எனக்கு அப்போதே தெரியும்," என்றது கரடி.

"ஐயா, நான் வளையை விட்டு வெளியே வரவே இல்லை," என்று கீரி நடுங்கியது. "என் குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை ஐயா."

"நாய் பொய் சொல்லாது," என்றது கரடி.

செவலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீரியிடம் முட்டை வாசனையே இல்லை. பால் வாசனைதான் வந்தது. பிறகு ஏன் உட்கார்ந்தோம்? யோசித்தபோதுதான் அதற்குப் புரிந்தது. கீரியின் அருகில் வந்ததும் கரடியின் நடை தளர்ந்தது, புருவம் உயர்ந்தது. பயிற்சியிலும் ஓடு இருந்த புதரருகே அப்படித்தான். இத்தனை நாளும் செவலை மூக்கால் எதையுமே கண்டுபிடிக்கவில்லை!

சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் கீரியின் உயிர் போய்விடும்.

"தலைவரே, நான் மோந்து பார்க்கவில்லை," என்றது செவலை. "கரடியண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். எப்போதுமே அப்படித்தான்."

தன் முகம் பேசியது கரடிக்கே தெரியாது.

யானைத் தலைவர் கரடியை மரத்துக்குப் பின்னால் போகச் சொன்னார். செவலை தலையைக் குனிந்து, மூக்கை மட்டும் நம்பி நடந்தது. உடும்பின் முன்னால் போய் உட்கார்ந்தது. உடும்பின் பொந்தைத் தோண்டியபோது மயில் முட்டை ஓடுகள் கிடைத்தன.

கீரி தப்பியது. ஆனால் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பெண்மயில் மெல்லக் கேட்டது: "கரடியண்ணே, போன கோடையில் ஒரு நாய் உட்கார்ந்தது என்று முயலைத் துரத்தினோமே, அந்த நாயைப் பழக்கியதும் நீங்கள்தானே?"

கரடி ஆற்றின் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஆற்றுக்கு அப்பால் போன முயல் திரும்பி வரவே இல்லை.

குற்றவாளி யாரென்று முன்பே முடிவு செய்துவிட்டுத் தேடுகிறவருக்குத் தன் நினைப்பே சாட்சியாக வந்து நிற்கும். அதற்குப் பலியாவது குற்றமற்றவர்தான்.