சமக்குறி மேல் விழாத கோடு

கணிதத் துறைத்தலைவர் வைகுண்டராஜன் சொல்லச் சொல்ல, ஒப்பந்தத் தட்டச்சர் ஜெசிந்தா வினாத்தாளை லேடெக் என்ற கணினி மென்பொருளில் அடிப்பாள். அதில் சமக்குறிக்கு முன்னால் 'நாட்' என்று அடித்தால்தான் குறுக்கே கோடு விழுந்து 'சமமில்லை' ஆகும். இந்த முறை கோடு விழவில்லை. கேள்வி தப்பாகி, மாணவர்கள் மறியல் செய்தார்கள். பல்கலைக்கழகப் பதிவாளர் விசாரணை வைத்தார். வாக்குமூலத்தை அடிக்க வேறு ஆள் இல்லாததால் ஜெசிந்தாவையே உட்கார வைத்தார்கள்.

"'ஏ ஈக்வல் டு பி இல்ல'ன்னு தெளிவாச் சொன்னேன். தப்பு இவளோடது இல்ல? இவளை வேலையை விட்டு எடுக்கணும் இல்ல?" என்றார் தலைவர்.

ஜெசிந்தா அடித்துத் திரையில் இருந்ததைப் பதிவாளர் உரக்கப் படித்தார்: "தப்பு இவளுடையது இல்லை. இவளை வேலையை விட்டு எடுக்க வேண்டியதில்லை."

"நான் கேள்வியாத்தானே கேட்டேன்?" என்று சீறினார் தலைவர்.

"அன்னைக்கும் அப்படித்தான் சார் நினைச்சேன்," என்றாள் ஜெசிந்தா. "'டீ வந்தாச்சு இல்ல'ன்னு நீங்க சொன்னா, டீ வந்திருச்சுன்னுதானே அர்த்தம்?"

பதிவாளர் சிரித்துவிட்டார். ஜெசிந்தா மேல் குற்றமில்லை என்று அறிக்கை எழுதினார். அவளை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. அதை யாரும் புதுப்பிக்கவும் இல்லை.