ஏழு பேரைக் கட்டிய கிணற்றுக் கயிறு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் தம்பி மகன் சேவுகன். கொண்டைமேட்டுக் கபடிக் குழுவுக்கு அவன்தான் கேப்டன். "பொழுது சாயறதுக்குள்ள தந்துடறேன் பெரியப்பா" என்று என் கிணற்றுக் கயிற்றை வாங்கிப் போனான். இருபது முழம், புதுக் கயிறு. அந்தப் பொழுது சாய்ந்து நாற்பது நாளாகிறது. தண்ணீர் இறைக்க வழியில்லாமல் என் மிளகாய் நாற்றும் சாய்ந்துகொண்டிருக்கிறது.

அந்தக் குழுவில் ஏழு பேர். பயிற்சிக்கு ஏழு பேரும் சேர்ந்து வந்த நாள் கிடையாது. வந்தவன் வராதவனைத் தேடிப் போவான். அதற்குள் வராதவன் வந்து, வந்தவனைத் தேடிப் போவான். டவுனிலிருந்து ஒரு கோச்சை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு நாள் பார்த்தார்.

"குழுன்னா ஒரே கயித்துல கட்டின மாதிரி இருக்கணும்டா. ஒருத்தன் போற இடத்துக்கு ஏழு பேரும் போகணும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

உடனே கூட்டம் போட்டார்கள்.

"எந்தக் கயிறுன்னு கோச்சு சொல்லலையே" என்றான் குழுவில் ஒருவனான ஊர்க்காவலன்.

"புதுசாத்தான் இருக்கணும். பழசுன்னா ஒத்துமை அறுந்துபோகும்" என்றான் சேவுகன்.

ஊரில் புதுக் கயிறு என்னிடம்தான் இருந்தது. ஆளுக்கு இடுப்பில் ஒரு சுற்று, வலது கையில் ஒரு சுற்று என்று ஏழு பேரும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து பயிற்சிக்கு ஒருவன் தவறவில்லை. ஒருவன் காட்டுப் பக்கம் ஒதுங்கினால் ஏழு பேரும் ஒதுங்கினார்கள். வெள்ளையனுக்குப் பல்வலி என்று டாக்டரிடம் போனார்கள். மூன்று பேர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்த மூவரில் வெள்ளையன் இல்லை.

பத்தாம் நாள் நான் போய்க் கயிற்றைக் கேட்டேன்.

"நான் மட்டும் முடிவெடுக்க முடியாது பெரியப்பா. ஓட்டு எடுக்கணும்" என்றான் சேவுகன். "அவிழ்க்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஊர்க்காவலன் தலையைச் சொறியக் கையைத் தூக்கினான். ஏழு கையும் ஏறின.

"வேண்டாம்ங்கிறவங்க?"

சொறிந்தது போதவில்லை. மறுபடியும் ஏழு கையும் ஏறின.

"ரெண்டு பக்கமும் ஏழு. மேட்சு முடியட்டும், பார்ப்போம்" என்றான் சேவுகன், ஜட்ஜ் மாதிரி.

அரிவாளால் ஒரே வெட்டில் முடித்திருப்பேன். ஆனால் வெட்டினால் துண்டுக் கயிறு என் கிணற்றுக்கு ஆகாது, இவர்கள் இடுப்புக்குத்தான் ஆகும். மேட்சு வரை காத்திருந்தேன்.

மேட்சில் எதிர் அணிக்குள் பாடிப் போகும் முறை வந்தது. வெள்ளையன் கோட்டைத் தாண்டினான். பின்னாலேயே ஆறு பேரும் 'கபடி, கபடி' என்று தாண்டினார்கள். நடுவர் விசில் ஊதினார்.

"ஒருத்தர்தாம்ப்பா போகணும்."

"நாங்க ஒருத்தர்தாங்க" என்றான் சேவுகன். அதைச் சொல்ல மூச்சை விட்டதால் அவன் அவுட். அவன் வெளியே நடந்தான். ஏழு பேரும் நடந்தார்கள். ஆட்டம் முடிந்தது. எதிர் அணிக்காரர்களுக்கு வேர்க்கக்கூட இல்லை.

"வெட்கமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வெட்கம்? ஏழு பேரும் ஒண்ணா தோத்தோம். அவங்க குழுவுல பாருங்க, ஜெயிச்ச நேரத்துல ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டான்" என்றான் சேவுகன்.

கயிற்றைக் கேட்டேன். பூமிநாதன் கல்யாணம் முடியட்டும் என்றான். பூமிநாதன் அந்த ஏழு பேரில் நாலாவது ஆள்.

கல்யாணத்துக்கு நான் மொய் வைக்கப் போகவில்லை, கயிற்றுக்காகப் போனேன். மணவறையில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம், "இதுல மாப்பிள்ளை யாருங்க?" என்று கேட்டார்.

"நடுவுல இருக்கிறவன். கயித்துக்காரன் நான்" என்றேன்.

பூமிநாதன் தாலி கட்டினான். ஏழு கையும் நீண்டன. ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் சேவுகன் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான். ஏழு பேரும் கைகாட்டினார்கள். இன்றைக்காவது தருவான் என்று வேகமாகப் போனேன்.

அவன் என் காதோரம் குனிந்து சொன்னான்: "பெரியப்பா, இனிமே பொண்ணும் நம்ம குழுதானே? கயிறு பத்தல. உங்க எருமை கட்டியிருக்கே, அந்தக் கயித்தைக் கொஞ்சம் அவிழ்த்துத் தாங்க. பொழுது சாயறதுக்குள்ள தந்துடறேன்."