முறிந்த நாற்காலியும் முழுத்தொகைச் செக்கும்

சங்கரன்கோவிலில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார் செண்பகக்கனி. வட்டாரத்தில் கல்யாணம் என்றால் அவரிடம் நாள் சொல்லிவிட்டுத்தான் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒரு தை மாதம், முகூர்த்தங்கள் நெருங்கும் நேரத்தில், திருநெல்வேலி மொத்த வியாபாரி பொன்னுத்துரையிடம் பிளாஸ்டிக் நாற்காலிகளும் சாப்பாட்டு மேஜைகளும் ஒரே லோடாக வாங்கினார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே செக். முகூர்த்தங்கள் ஓய்ந்த பிறகு வருகிற ஒரு தேதியைப் போட்டு, தொகையை எழுதி, தன் கையாலேயே ஒப்பமிட்டுக் கொடுத்தார். பொன்னுத்துரையோ சரக்கைத் தயாரிக்கும் கம்பெனிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டித்தான் சரக்கை எடுத்திருந்தார்.

முதல் கல்யாணத்திலேயே வந்தது வினை. இரண்டாம் பந்தியில் பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்த நாற்காலி பின்காலில் பிளந்து சரிந்தது. அவர் கையை ஊன்றி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. அடுத்த வரிசையில் இன்னொரு நாற்காலி விரிசல் விட்டது. செண்பகக்கனி பந்தியை நிறுத்தி, எல்லோரையும் எழுப்பி, ஜமுக்காளம் விரித்துத் தரையில் பரிமாறச் செய்தார். பெண் வீட்டார் தாங்களே இலைகளை எடுத்துத் தரையில் போட்டார்கள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று செண்பகக்கனி பின்னாளில் சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு அவருடையதாயிற்று.

அன்று மாலையே பொன்னுத்துரைக்குப் போன் போட்டார். மறுநாள் பொன்னுத்துரை தன் லாரியோடு நேரில் வந்தார். நம்பாதவர்போல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது அவர் பாரத்துக்கே நெளிந்தது. மறு பேச்சில்லாமல் நாற்காலிகள் அத்தனையையும் ஏற்றச் சொன்னார்.

“கவலைப்படாத தங்கச்சி. கம்பெனிக்காரன்கிட்ட பேசி வேற நாற்காலி வாங்கித் தாறேன்.”

ரசீது எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. செக்கைத் திருப்பிக் கேட்கவும் செண்பகக்கனிக்குத் தோன்றவில்லை. மேஜைகள் நல்ல மேஜைகள். அவை கடையிலேயே நின்றன, எல்லா விசேஷத்துக்கும் போய் வந்தன. புது நாற்காலி வந்ததும் மொத்தமாகக் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

புது நாற்காலி வரவில்லை. கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். செக்கில் போட்டிருந்த தேதி வந்ததும், கடன்காரர்கள் நெருக்க, பொன்னுத்துரை அதை அப்படியே வங்கியில் போட்டார். கணக்கில் போதிய பணமில்லை என்று செக் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப் போனீர்களே என்று செண்பகக்கனி பதில் நோட்டீஸ் அனுப்பினார். அது எடுபடாமல், பின்னாலேயே வழக்கும் வந்தது.

செக் வழக்கென்றால் ஜெயில் என்று கடைத்தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். ‘நாற்காலி போட்டு ஆளைத் தள்ளிவிட்டவள்’ என்ற பேச்சோடு இதுவுமா என்று அவர் வக்கீலைத் தேடிப் போனார். அவருக்காக வாதாட வந்த வக்கீல் ரஹ்மத்நிஷா, கையெழுத்து என்னுடையதில்லை என்று சொல்லச் சொல்லும் ரகமல்ல. ஆனால் ஒரு யோசனை வைத்திருந்தார்.

“அக்கா, நாற்காலியைப் பத்தி மட்டும் பேசுங்க. மேஜைப் பேச்சை நாமளா எடுக்க வேண்டாம். பாக்கி இருக்குன்னு உங்க வாயாலேயே சொன்னா, எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும்.”

செண்பகக்கனி ஒப்பவில்லை.

“மேஜையை வாடகைக்கு விட்டுக் காசு பாத்திருக்கேன். அது இல்லவே இல்லைங்கிற மாதிரி எப்படிம்மா நிக்கது?”

விசாரணை நாளில் முதலில் கூண்டேறியவர் பொன்னுத்துரை. செக்கையும் கையெழுத்தையும் காட்டினார். குறுக்கு விசாரணையில் ரஹ்மத்நிஷா ஒரே விஷயத்தைத்தான் பிடித்தார்: நாற்காலிகளை லாரியில் ஏற்றிப் போனீர்களா, இல்லையா? இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பொன்னுத்துரை எதிரே நின்ற செண்பகக்கனியைப் பார்த்தார்.

“ஏத்திட்டுத்தான் போனேன்” என்றார். பிறகு, கேட்காமலே, “கம்பெனிக்கு நான் முழுசும் கட்டியாச்சு ஐயா. என் தலையில விழுந்த நட்டத்தை நான் எங்க கொண்டுபோய் இறக்குவேன்?”

அடுத்து செண்பகக்கனி. செக் தான் கொடுத்தது, கையெழுத்து தன்னுடையது என்றார். கெட்ட நாற்காலிக்குப் பணம் தர மாட்டேன் என்றார். யாரும் கேட்பதற்கு முன் மேஜைகளையும் சொன்னார்: “அதுக்கான பணம் அண்ணாச்சிக்கு நான் தரணும். இன்னும் தரல.” ரஹ்மத்நிஷா தலையைக் குனிந்துகொண்டார்.

இப்போது நடுவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். செக் பொய்யில்லை. நாற்காலிக்கான கடன் இல்லை. மேஜைக்கான கடன் உண்டு, அதையும் அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். இந்தச் செக் வழக்கில் செண்பகக்கனி குற்றவாளியா? பொன்னுத்துரைக்குச் சேர வேண்டியதுதான் என்ன?

விடை: குற்றவாளி இல்லை. செக்கில் கையெழுத்து இருந்தால் கடன் இருப்பதாகச் சட்டம் முதலில் நினைத்துக்கொள்ளும். ஆனால் அந்த நினைப்பை மாற்ற இடம் உண்டு. பொன்னுத்துரையின் வாய்மொழியே அதை மாற்றிவிட்டது. வங்கியில் போட்ட அன்று செக்கில் இருந்த தொகை வேறு, உண்மையில் பாக்கியிருந்த தொகை வேறு. இல்லாத கடனையும் சேர்த்துப் போட்ட செக் திரும்பியதற்குத் தண்டனை கிடையாது. மேஜைக்கடனை அவர் ஒப்புக்கொண்டது இந்த விடையை மாற்றாது. அந்தக் கடனும் அழியாது. நடுவர் அப்படியே விடுதலை செய்தார். செண்பகக்கனி அந்த வாரமே திருநெல்வேலிக்குப் போய் மேஜைப் பணத்தைக் கொடுத்தார். பொன்னுத்துரையின் நட்டம் இறங்க வேண்டிய இடம் கம்பெனியின் வாசல். அவர் அங்கே வழக்குப் போட்டபோது, அவருக்காக முதல் சாட்சியாகக் கூண்டேறியவர் செண்பகக்கனி.