உக்கிராண அதிகாரி தின்ற எள்

கருவேலங்குளம் ராஜாவுக்கு நாக்குத்தான் முதல் மந்திரி. மற்ற மந்திரிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அரண்மனைக்கு ஆடு வளர்க்கிற சுடலைக்கோன், செம்மறிக் குட்டிகளுக்குப் புல்லோடு தினம் ஒரு கை எள்ளும் கொடுப்பார். கறி வெண்ணெயாய் வெந்தது. ராஜா எலும்பைக்கூட விடாமல் உறிஞ்சிவிட்டு, கோனாருக்குப் பட்டு கட்டச் சொன்னார்.

அரண்மனைப் பண்டசாலையைப் பார்த்துக்கொள்ளும் உக்கிராண அதிகாரி வேலப்பருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. ராஜா எள் என்றால் எண்ணெயாய் நிற்கிற ஆள் அவர்.

"மகாராஜா, ஒரு கை எள்ளுக்கே இந்த ருசி! ஒரு குட்டிக்குப் புல்லை நிறுத்திவிட்டு வெறும் எள்ளாகவே போட்டால்?"

ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. "போடு! பிறந்தநாள் விருந்துக்கு அந்தக் குட்டிதான். அதற்கு ஏதாவது ஆனால், சுடலைக்கோன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

மூன்றாம் நாள் குட்டி அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு மத்தளமாய் உப்பியது. கோனார் பதறிப்போய், அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு தாயாட்டின் வாயிலிருந்து இரண்டு உருண்டை எடுத்துக் குட்டிக்கு ஊட்டினார். வேலப்பர் அதைப் பார்த்துவிட்டார். பிறகென்ன, சபை கூடியது.

"எச்சில், மகாராஜா! தாங்கள் சாப்பிடப்போகிற குட்டிக்குக் கிழட்டு ஆட்டு எச்சில்!"

கோனார் கைகட்டிச் சொன்னார். "சாமி, ஆட்டு வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத குடிஜனங்க இருக்காங்க. புல்லைச் செரிக்க வைக்கிறது அவங்கதான். வெறும் எள்ளுன்னா எண்ணெயில முங்கிச் செத்துடுறாங்க. நல்ல ஆட்டு வாயிலருந்து கொடுத்தா புதுக்குடி ஏறும். குட்டி இப்போ அசைபோடுது சாமி."

"பொய்! குட்டிக்கு நோயே வரவில்லை. எள் யாரையும் ஒன்றும் செய்யாது!" என்றார் வேலப்பர்.

ஆஸ்தான விகடர் நல்லபெருமாளுக்குக் கோனாரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேலப்பரைப் பார்க்க ஆசையாக இருந்தது. இப்படி ஒரு வாய் தானாக வந்து மாட்டுமா?

"அப்படியானால் அதிகாரியே இரண்டு நாள் வெறும் எள் தின்று காட்டட்டும், மகாராஜா. அவருக்கு ஒன்றும் ஆகாவிட்டால் கோனாரோடு நானும் எல்லை தாண்டுகிறேன்."

ராஜா தலையாட்டினார். வேலப்பர் எள்ளுக் கூடையை இழுத்துக்கொண்டார்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே மென்றார். இரண்டாம் நாள் செம்பும் கையுமாகக் குளத்தங்கரைக்கே குடிபோனார். மூன்றாம் நாள் காலை கட்டிலோடு சபைக்குத் தூக்கி வந்தார்கள். வயிறு வானம் பார்த்தது. வீம்பு மட்டும் இறங்கவில்லை.

"எள்ளால் இல்லை, மகாராஜா... காற்று மாறிவிட்டது..."

"ஐயோ பாவம்!" என்ற நல்லபெருமாள், ராஜாவிடம் ஒரு தாம்பூலம் கேட்டு வாங்கி வாயில் போட்டுக் குதப்பினார். "கோனாரே, வைத்தியத்தைப் பாரும்."

"மனுசருக்கா, சாமி?"

"குட்டிக்கு ஆட்டு வாய். அதிகாரிக்கு மனித வாய். என் வயிறு நல்ல வயிறு, உருண்டையும் தயார். தாடையைப் பிடியும்!"

உப்பிய கன்னத்தோடு நல்லபெருமாள் குனிந்தார். சிவப்பாய் ஒரு சொட்டு உதட்டோரம் தொங்கியது.

வேலப்பர் கட்டிலை விட்டுத் துள்ளிக் குதித்தார். "எள்ளுதான்! எல்லாம் எள்ளுதான், மகாராஜா! கோனார் சொன்னது சத்தியம்! குட்டிக்குப் புல் போடச் சொல்லுங்கள்!"

ராஜா சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோனாருக்கு இரண்டாவது பட்டு கிடைத்தது. நல்லபெருமாள் நிதானமாகப் படிக்கத்தில் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"கோனார் வைத்தியத்தின் மகிமையைப் பார்த்தீர்களா, மகாராஜா? மருந்து உள்ளே போகுமுன்பே, அடைத்திருந்த உண்மை வெளியே வந்துவிட்டது!"